ஜோடி கிடைக்காத நாக்கு

இல்லண்ணே, அந்த போர்டு இல்ல. அதுக்குப் பக்கத்துல, ஃப்ரிட்ஜ் பிளக் சொருகியிருக்கே, அது. அதையும் பாத்துருங்க. பாத்துட்டீங்களா? எப்பப் பாத்தீங்க, நான் இங்கயேதானே நிக்கிறேன்? சும்மா டெஸ்டர வெச்சுப் பாத்தாப் பத்தாதுண்ணே, மூடியக் கழட்டி உள்ள பாருங்க. கோவிச்சுக்காதீங்க, உங்க வேலைய உங்களுக்கே சொல்லிக் குடுக்கல. எனக்கு ஒரு கருகுன வயரு வேணும். ஒண்ணே ஒண்ணு. இத்துனூண்டு இருந்தாலும் போதும். என் வீட்டுக்காரர் வந்ததும் அத அவர் கையில குடுத்து, பாருங்க, நான் அப்பவே சொன்னேன்ல, இதான்னு சொல்லணும். அவ்ளோதான் எனக்கு.

என்ன வாடையா? கருகல் வாடை. பால் அடிப்பிடிச்ச வாடை இல்ல, வெளிய குப்பைய எரிப்பாங்கல்ல, அதுவும் இல்ல. மோட்டார் ரொம்ப நேரம் ஓடி சூடேறுனா உள்ள வயர் மேல இருக்குற பிளாஸ்டிக் உருகும்ல, உங்களுக்குத் தெரியாததா, அந்த வாடை. திடீர்னு குப்புன்னு வரும். மூக்குக்குள்ளயே உக்காந்துக்கும். அப்புறம் யாரோ சுவிட்ச அமுத்துன மாதிரி பொசுக்குன்னு போயிடும். இப்ப வரல. அதானே கொடுமை, நீங்க வந்ததுலேர்ந்து நல்ல புள்ள மாதிரி அடங்கிக் கெடக்கு.

ஐயய்யோ, அந்த பாட்டிலயா பாக்குறீங்க? அப்படிப் பாக்காதீங்கண்ணே, எனக்கு உடம்பே கூசுது. ஆமா, எல்லாம் பீருதான். ஆமா, ஜன்னல் ஓரமா நிக்கிறதும்தான். ஃப்ரிட்ஜுக்குள்ளயும் இருக்கு, தெறந்துடாதீங்க, மேல வந்து விழும். நான் குடிகாரி இல்ல, அடிச்சுச் சத்தியம் பண்றேன். இதுதான் என் வேலை. சிரிக்காதீங்க, நெஜமாத்தான். செல்போன்ல ஆப் இருக்குல்ல, அது பாக்க எப்படி இருக்கணும், எத அமுத்துனா எது வரணும், என்ன கலரு, என்ன எழுத்து, அதையெல்லாம் வரைஞ்சு குடுக்குறவ நான். டிசைனர். இதுக்கு முன்னாடி பல் டாக்டருங்களுக்கு ஒண்ணு பண்ணோம். அப்ப யாரும் என்னைய பல்லு புடுங்குறவளான்னு கேக்கல. பீருக்குப் பண்ணா மட்டும் எல்லாரும் ஒரு மாதிரி பாக்குறாங்க. எங்கம்மாகிட்ட கூல்டிரிங்க்ஸ் கம்பெனின்னு சொல்லி வெச்சிருக்கேன். அவங்களும் எம்பொண்ணு ஜூஸ் கம்பெனில பெரிய ஆளுன்னு தெருவெல்லாம் தண்டோரா போட்டுட்டாங்க.

இது பெரிய பேக்டரியில போடுற பீரு இல்லண்ணே. கிராஃப்ட் பீருன்னு சொல்வாங்க. சின்னச் சின்ன எடத்துல, நாலஞ்சு அண்டாவ வெச்சுக்கிட்டு, அவங்கவங்க கைப்பக்குவத்துல காய்ச்சுறது. ஒருத்தர் ஆரஞ்சுத் தோலு போடுவாரு, ஒருத்தர் காப்பிக்கொட்டை போடுவாரு, ஒருத்தர் பார்லியக் கருக்கி... ம். வறுத்துப் போடுவாரு. ஊருக்குள்ள இப்படி எத்தனை எடம் இருக்குன்னே பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிஞ்சு உள்ள போனாலும் செவுரு முழுக்க வாயில நுழையாத பேரா எழுதிப் போட்டிருக்கும். எதக் கேக்குறதுன்னு தெரியாம திருதிருன்னு முழிப்பாங்க. அந்த மாதிரி ஆளுக்கு, இங்க போ, இதக் குடி, உனக்கு இது புடிக்கும்னு சொல்றதுதான் எங்க ஆப்.

அந்த ஸ்டூல் ஆடும், பாத்து ஏறுங்க. மேல அந்த லைட் ஹோல்டர் மஞ்சளா இருக்கே, அது சூட்டுலதானே அப்படி ஆகும்? அழுக்கா? நல்லாப் பாருங்கண்ணே, வெறும் அழுக்குதானா? ஓ. சரி. இல்ல, வருத்தமெல்லாம் இல்ல. வீட்டத் தொடைக்கிற லட்சணம் தெரிஞ்சு போச்சேன்னுதான்.

எங்க விட்டேன்? ஆங், ஆப். மத்தவங்கள்லாம் ஸ்டார் குடுக்கச் சொல்வாங்கண்ணே. இதுக்கு மூணு, அதுக்கு நாலு. எனக்கு அது ஒத்து வரல. உங்க நாலும் என் நாலும் ஒண்ணா? கசப்புன்னா நீங்க காத தூரம் ஓடுவீங்க, எனக்குக் கசப்பு இருந்தாத்தான் தொண்டையில எறங்கும். அதனால நான் ஒரு வட்டம் வரைஞ்சேன். இதோ போன்ல பாருங்க. சுத்தி வர கசப்பு, இனிப்பு, புளிப்பு, எலுமிச்சை, ரொட்டி, தேன், பூ, புகைன்னு போட்டிருக்கா? ஒரு வாய் குடிக்கணும். எது எவ்ளோ தெரியுதோ, விரலால தொட்டு அந்தப் பக்கமா இழுக்கணும். இழுத்து முடிச்சா ஒரு உருவம் வரும். சிலருக்கு இலை மாதிரி வரும், சிலருக்கு நசுங்குன தகர டப்பா மாதிரி வரும். அதுதான் உங்க நாக்கோட படம். உங்க படத்தோட ஊருக்குள்ள இன்னொருத்தர் படம் ஒத்துப் போச்சுன்னா அவர்தான் உங்க நாக்கு ஜோடி. அவருக்குப் புடிச்சது உங்களுக்கும் புடிக்கும். அவர் போற எடத்துக்கு நீங்களும் போகலாம். நாக்கு ஜோடிங்கிற பேரும் நான் வெச்சதுதான். அதக் கேட்டுட்டு எங்க பாஸ் மேஜையத் தட்டிச் சிரிச்சாரு. லேசுல சிரிக்கிற ஆளில்ல அவரு, குட்மார்னிங் சொன்னாலே எதுக்குன்னு கேப்பாரு.

சமையல்கட்டு முடிஞ்சுதா? ஒண்ணுமே இல்லையா? சரி, ஹாலுக்கு வாங்க. அந்தச் செருப்ப ஓரமாத் தள்ளிட்டு வாங்க.

அது நான் இல்லண்ணே. எங்கக்கா. ஆமா, அந்த போட்டோவப் பாத்துட்டு எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க. எனக்கு மூத்தவ. நெத்தி, மூக்கு, கோவம் வந்தா ஒத்தப் புருவம் மட்டும் மேல ஏறும், எல்லாம் ஒரே அச்சு. தலைவலி வந்தாக்கூட ரெண்டு பேருக்கும் ஒரே பக்கம்தான் வரும். சின்ன வயசுல ஒருத்தி தப்பு பண்ணா ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் அடி விழும், அம்மாவுக்கே கொழப்பமாயிடும். இல்லண்ணே. இப்ப இல்ல. பரவால்ல, தெரியாமத்தானே கேட்டீங்க. இந்த ஃபேன் ரெகுலேட்டர தொட்டுப் பாருங்களேன், லேசாச் சுடுது. எல்லா ரெகுலேட்டரும் அப்படித்தான் இருக்குமா? இருந்துட்டுப் போகட்டும், நீங்க கழட்டிப் பாருங்க.

இந்த வாடை மொத மொத எங்க வந்துச்சா? வீட்ல இல்ல. பீர் காய்ச்சுற எடத்துல. அதனாலதான் நான் ஒண்ணும் நெனைச்சுக்கல. அங்க ஒரு மீசைக்காரர் இருக்காரு, காய்ச்சுறதெல்லாம் அவருதான். ஆளப் பாத்தா குஸ்தி போடுறவர் மாதிரி இருப்பாரு. அண்டாகிட்ட போனா மட்டும், தூங்குற புள்ளைய எழுப்பிடக் கூடாதேன்னு போற மாதிரி போவாரு. அன்னிக்கு புதுசா ஒண்ணு ஊத்திக் குடுத்து, எலுமிச்சை வாசனை வரும் பாரும்மான்னாரு. ஒரு வாய்தான் குடிச்சேன். குப்புன்னு கருகல். சார், பார்லி தீஞ்சிருச்சுன்னேன். அவர் மொகம் போன போக்கப் பாக்கணுமே! நான் வறுக்கவே இல்லையேம்மா, எப்படித் தீயும்னாரு. நான் விடுவேனா? நாலு மாசமா ருசி பாத்துப் பாத்து பெரிய மேதாவி ஆயிட்டேன்ல. அடியில எங்கயோ தீஞ்சு ஒட்டியிருக்கு, கழுவிப் பாருங்கன்னேன். பாவம் மனுஷன், காய்ச்சுன அவ்ளோத்தையும் கீழ ஊத்திட்டு, அண்டாக்குள்ள தலைய விட்டு, மீசையெல்லாம் நொரையோட தேச்சுத் தேச்சுக் கழுவுனாரு. மறுபடி காய்ச்சிக் குடுத்தாரு. மறுபடி கருகல். வேற அண்டா, வேற பார்லி. அதுலயும் கருகல். இந்தப் பொண்ணு என்னைய ஒழிச்சுக்கட்டத்தான் வந்திருக்குன்னு நெனைச்சிருப்பாரு.

இருங்கண்ணே, போன் அடிக்குது. வீட்டுக்காரர்தான். ஹலோ, ஆங், சொல்லுங்க. கெளம்பிட்டேன். ஆமா, செருப்பு மாட்டிட்டேன். நீங்க மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரம் இல்ல. சத்தமா? டிவிங்க. ம். ம். வெச்சிடுறேன்.

மன்னிச்சுக்கங்கண்ணே, உங்கள டிவி ஆக்கிட்டேன். உங்களக் கூப்பிட்டது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா சத்தம் போடுவாரு. இல்ல, சத்தம் போட்டாத்தான் தேவலையே. பக்கத்துல வந்து உக்காந்து கையப் புடிச்சுக்குவாரு. எனக்கு அதான் பயம்.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, ஆப் ரெடியாச்சு. வெளிய விடுறதுக்கு முன்னாடி நாங்களே போட்டுப் பாப்போம். ஆபீஸ் ஆளுங்க, மீசைக்காரர் கடைக்கு வாடிக்கையா வர்றவங்க, எல்லாரையும் ஒரு சாயங்காலம் உக்கார வெச்சு, குட்டிக் குட்டி கிளாஸ்ல ஊத்திக் குடுத்து, வட்டத்த இழுங்கன்னோம். ஒரே கூத்து. எங்க பாஸுக்கு ஜோடி யாரு தெரியுமா, வாசல்ல வண்டி நிறுத்தச் சொல்ற வாட்ச்மேன்! ரெண்டு பேரும் தோள்ல கையப் போட்டு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. ஒவ்வொருத்தர் போனும் டிங் டிங்னு அடிக்குது, ஜோடி கெடைச்சாச்சு, ஜோடி கெடைச்சாச்சுன்னு. என் போன் மட்டும் கம்முனு இருக்கு. கடைசில ஒரு பொம்ம பாட்டில் வந்து இடுப்ப ஆட்டி ஆட்டி ஆடுது. கீழ எழுத்து: உங்க நாக்கு ரொம்ப ஸ்பெஷல், இன்னும் ஜோடி கெடைக்கல! அந்த பாட்டில ஆட விட்டவளும் நான், அத எழுதுனவளும் நான். யாரும் மனசு ஒடைஞ்சிடக் கூடாதேன்னு யோசிச்சு யோசிச்சு எழுதுனேன். அது எனக்கே வரும்னு கண்டேனா.

எங்க புரோகிராமர் கிட்ட சண்டைக்குப் போனேன். உன் கோடிங்ல கோளாறு இருக்கு, பாருன்னேன். அவன் உக்காந்து ஒண்ணு விடாம பாத்தான். கோளாறு இல்லக்கா, ஊர்ல எல்லாரும் எலுமிச்சைங்கிறாங்க, நீங்க மட்டும் புகைங்கிறீங்க, அப்புறம் அது யாரக் கொண்டாந்து உங்களோட சேக்கும்னான்.

அப்பவும் நான் ஒத்துக்கல. அப்புறம்தான் அந்தத் தண்ணி கிளாஸ்.

அது என்னன்னா, ருசி பாக்குறவங்க நெஜமாத்தான் சொல்றாங்களா, இல்ல அடிச்சு விடுறாங்களான்னு தெரிய ஒரு வழி வெச்சிருக்கோம். உள்ள என்னன்னு தெரியாத மாதிரி கறுப்பு கிளாஸ்ல ஊத்தி வரிசையா வெப்போம். அதுல ஒரு கிளாஸ்ல மட்டும் வெறும் தண்ணி. தண்ணியக் குடிச்சுட்டு, ஆஹா, தேன் வாசனைன்னு ஒருத்தர் இழுத்தாருன்னா அவர் புருடா விடுறாருன்னு அர்த்தம். இந்த வழியக் கொண்டு வந்ததே நான்தாண்ணே. மாட்டுனவங்கள நான் எவ்ளோ ஓட்டியிருக்கேன் தெரியுமா?

எனக்கும் அந்த கிளாஸ் வந்துச்சு. வாயில வெச்சதுமே தண்ணின்னு தெரிஞ்சுச்சு. கசப்பு இல்ல, இனிப்பு இல்ல, எதையும் இழுக்கல. ஆனா கருகல் மட்டும் இருந்துச்சு. சரி, பசங்க தண்ணியில எதையோ கலந்து என்னைய ஆழம் பாக்குறாங்கன்னு நெனைச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே புகைய கடைசி வரைக்கும் இழுத்து விட்டேன். பெரிய ஸ்க்ரீன்ல எல்லாருக்கும் தெரியுற மாதிரி வந்துச்சு. எல்லாருக்கும் இலை, டப்பா, என்னென்னமோ. எனக்கு ஒரே ஒரு கோடு. புரோகிராமர் கை தட்டி, அக்கா மாட்டிக்கிட்டாங்கன்னு கத்துனான். எல்லாரும் சிரிச்சாங்க. மீசைக்காரர் மட்டும் சிரிக்கல. எழுந்து போயி, அவர் கையால ஒரு கிளாஸக் கழுவி, குழாயில தண்ணி புடிச்சு, என் முன்னாடி வெச்சு, குடிம்மான்னாரு. குடிச்சேன். என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாரு. உடம்பப் போயி காட்டும்மான்னு மெதுவா, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னாரு.

வீட்டுக்கு வந்தா வீட்லயும் அதே வாடை. அப்பாடா, அப்பத்தான் எனக்கு உசிரே வந்துச்சு. அப்ப கோளாறு பீர்லயும் இல்ல, என்கிட்டயும் இல்ல, வீட்ல எங்கயோ வயர் கருகுது. அந்த வாடைதான் என் மூக்குல ஒட்டிக்கிட்டு நான் போற எடத்துக்கெல்லாம் கூட வருது. அப்படி வரும்லண்ணே? துணியில ஒட்டிக்கிட்டு வரும்ல? பஸ் ஸ்டாப்ல வருது, லிப்ட்ல வருது, தலைக்குக் குளிச்சு சோப்பு நொரை மூஞ்சியில வழியும்போது வருது. ஒட்டிக்கிட்டு வரலாம்ல?

என் வீட்டுக்காரர் வீடு முழுக்க மோந்து பாத்தாரு. கட்டிலுக்கு அடியில பூந்து, டிவிக்குப் பின்னாடி தலைய விட்டு. நாய்க்குட்டி தோத்துது போங்க. எழுந்து தூசியத் தட்டிக்கிட்டு, ஒண்ணும் இல்லையேம்மான்னாரு. நான் கோவிச்சுக்கிட்டேன். மறுநாள் டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போயிட்டாரு. ஜலதோஷமா இருக்கும், ஒரு சொட்டு மருந்து குடுத்து அனுப்பிடுவாருன்னு போனா, வாடைன்னு சொன்னதுமே அந்த மனுஷன் பேனாவக் கீழ வெச்சுட்டாரு. எப்பப்ப வருது, எவ்ளோ நேரம் நிக்குது, அப்ப கை கால் மரத்துப் போகுதா, பேச்சு கொழறுதான்னு வரிசையாக் கேட்டாரு. அப்புறம், குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி இருந்துச்சாம்மான்னாரு. என் வீட்டுக்காரர் என்னையத் திரும்பிப் பாத்தாரு. நான் டக்குனு இல்ல டாக்டர்னுட்டேன். இன்னிக்குத் தலைய ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்காரு. அதுக்குத்தான் இப்ப வந்துக்கிட்டு இருக்காரு, என்னையக் கூட்டிட்டுப் போக.

அதனாலதாண்ணே கேக்குறேன். நீங்க ஒரே ஒரு வயரக் காட்டிட்டீங்கன்னா நான் அந்த மிஷினுக்குள்ள போக வேணாம். வீடே பத்தி எரிஞ்சாலும் எனக்குச் சந்தோஷம்தான். வாய்க்கு வந்தத உளறுறேன்னு நெனைக்காதீங்க. நெஜமாவே சொல்றேன். தீ இருந்துட்டா நல்லாருக்கும்.

ஃபேன் ஏன் நின்னுடுச்சு? ஓ, மெயின ஆஃப் பண்ணீங்களா. சரி சரி, பாத்ரூம் ஹீட்டர் லைனக் கழட்டணும்னா ஆஃப் பண்ணித்தான் ஆகணும். கழட்டுங்க. நான் டார்ச் புடிக்கிறேன். அந்த லைனுதான் எனக்கு ரொம்ப நாளாவே சந்தேகம். பழசா இருக்குல்ல? நல்லாத்தான் இருக்கா? உள்ள, உள்ள அந்த முடிச்சுகிட்ட...

அண்ணே. இப்ப. இப்ப வருதுண்ணே! ஐயோ, வந்துருச்சு, மோந்து பாருங்க, சீக்கிரம், போயிடும்! அந்தப் பெட்டிகிட்ட மூக்க வெச்சுப் பாருங்க. தெரியலையா? இவ்ளோ வருதே, கண்ணு எரியுற அளவுக்கு வருதே! மூக்க எடுக்காதீங்க, நல்லா இழுத்து மோந்து பாருங்கண்ணே, உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். லேசாக்கூடவா இல்ல? சும்மாவாச்சும் ஆமான்னு சொல்லுங்களேன்.

போயிடுச்சு.

என்ன சொல்றீங்க? மெயினா? ஆமால்ல. ஆஃப்லதானே இருக்கு. வீட்ல கரண்டே இல்ல. கரண்டே இல்லாம எங்கேர்ந்து கருகும். ஆமா. இந்த டார்ச்ச வாங்கிக்கங்க. இல்ல, தண்ணி வேணாம். தண்ணி மட்டும் வேணாம்ணே. இப்படியே கொஞ்சம் செவுத்துல சாஞ்சு நின்னா சரியாயிடும்.

ஹார்ன் சத்தம் கேக்குதா? அவருதான். சின்னதா ரெண்டு தடவ அடிப்பாரு, பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதாம். நீங்க மெதுவா எல்லாத்தையும் மூடிட்டு, கதவ வெறுமனே இழுத்து விட்டுட்டுப் போங்க, தானாப் பூட்டிக்கும். போகும்போது அந்த பாட்டில் எது வேணும்னாலும் எடுத்துக்கங்க. எல்லாமே எலுமிச்சை வாசனையா இருக்கும். அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க.

வயர மாத்த வேணாம்ணே. மாத்தட்டுமான்னு நீங்க கேக்குறது என் மனசுக்காகன்னு தெரியுது. எங்கக்கா வீட்டுக்கும் இப்படித்தான் ஒருத்தர வரவெச்சோம். அவரும் உங்கள மாதிரியேதான், வயர்ல ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்குன்னாரு. நான்தான் கேக்கல. எங்கக்கா பொய் சொல்லுவாளா, வாடை வருதுங்கிறால்ல, மாத்துங்கன்னு நின்னு, வீடு முழுக்க மாத்த வெச்சேன். மறுநாளு அக்கா போன் பண்ணி, ஏய், வாடை போயிடுச்சுடி, நிம்மதியாத் தூங்குனேன்னா. ஆஸ்பத்திரியில படுத்துக் கெடந்தப்பவும், கடைசி வரைக்கும் அப்படியேதான் சொல்லிக்கிட்டிருந்தா, பாவி. எனக்காகச் சொல்லியிருக்கா.

அந்தச் செருப்ப இப்படித் தள்ளுங்கண்ணே. இன்னிக்கு அந்த டாக்டர் மறுபடி கேட்டா, எங்கக்காவுக்கு இருந்துச்சுன்னு சொல்லிடுறேன். வரேங்க! இதோ, எறங்கிட்டேன்!